இரண்டு நிறமும் தெரிந்தால் அது இணைந்த செல்தானா? ஃப்யூஷன் (செல்லோடு செல்லை இணைப்பது) செய்து பழகியவர்கள் உதவுங்கள்

டர்பன்_தென்றல்

வணக்கம். டர்பனில் முதுகலை ஆய்வு செய்கிறேன். எலியின் தசைச் செல் வரிசையான சி2சி12-ஐயும் மனிதத் தோலின் நார்ச்செல்களையும் பாலிஎத்திலீன் கிளைகால் ஊற்றி இணைக்கிறேன். (இனி பி.இ.ஜி. என்றே எழுதுகிறேன்.) எலிச் செல்லுக்குப் பச்சைச் சாயம், பி.கே.எச். 67. மனிதச் செல்லுக்குச் சிவப்பு, பி.கே.எச். 26.

இணைத்து ஒரு மணி நேரத்தில் ஃப்ளோ சைட்டோமீட்டரில், அதாவது செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு நிறம் பார்க்கும் கருவியில், ஓட்டினேன். இரண்டு நிறமும் உள்ளவை 14 சதவீதம் என்று திரை காட்டியது. அவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்தக் கூட்டத்தை மட்டும் சார்ட்டரில் (நிறம் பார்த்துச் செல்லைப் பிரிக்கும் கருவி) பிரித்துத் தட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நுண்ணோக்கியில் கண் வைத்தால் பச்சைச் செல் தனியாக ஒட்டியிருக்கிறது, சிவப்புச் செல் தனியாக ஒட்டியிருக்கிறது. இரண்டும் கலந்த செல்லைத் தேடித் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றில் பச்சை முழுக்கப் பரவியிருந்தது, ஓரத்தில் மட்டும் மூன்று நான்கு சிவப்புப் புள்ளிகள். அது இணைந்த செல்லா, இல்லை பக்கத்துச் செல்லின் துண்டைத் தின்ற செல்லா? எனக்குத் தெரியவில்லை.

இணைந்தவை மறுபடி பிரிந்துபோகுமா? அல்லது நான் பிரித்தெடுத்ததே தவறா? நான்கு மாத வேலை இது.

ஜகரண்டா_நகர்

ஒரே கேள்வி. பி.இ.ஜி. ஊற்றாமல் இரண்டு சாயச் செல்களையும் சும்மா கலந்து வைத்த குழாய் ஒன்றை ஓட்டினீர்களா? அதில் எவ்வளவு வந்தது?

டர்பன்_தென்றல்

இல்லை அண்ணா. பச்சை மட்டும், சிவப்பு மட்டும், சாயமே இல்லாதது, இந்த மூன்றும் ஓட்டினேன். கலந்து வைத்தது ஓட்டவில்லை. மிச்சச் செல் இன்குபேட்டரில் இருக்கிறது, இன்றைக்கே ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

டர்பன்_தென்றல்

ஓட்டிவிட்டேன். பி.இ.ஜி. துளிகூட இல்லாத குழாயில் 9 சதவீதம்.

ஜகரண்டா_நகர்

சரி. இப்போது பேசலாம். இணைந்த செல் பிரியாது. உங்கள் 14-ல் பெரும்பகுதி முதலிலேயே இணையவில்லை, அவ்வளவுதான்.

பிரிட்டோரியாவில் பல ஆண்டுகளாக சைட்டோமீட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஃப்யூஷன் என்று மாதிரி கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் இந்தக் குழாய் இருக்காது. லேசர் முன்னால் ஒரு செல் நிற்பது கண் இமைக்கும் நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் பச்சையும் சிவப்பும் சேர்ந்து கடந்தால் கருவி அதை ஒரு புள்ளியாகத்தான் எழுதும். இரண்டு செல் கைகோத்து வந்ததா, ஒரே சவ்வுக்குள் ஒன்றாகிப் போனதா என்று அதற்குத் தெரியாது. பி.இ.ஜி. செய்யும் வேலையே செல்லோடு செல்லை ஒட்ட வைப்பதுதான். ஒட்டியவற்றில் சிலதான் சவ்வு கரைந்து ஒன்றாகும். அதனால் 14-லிருந்து 9-ஐக் கழித்து 5 என்று எழுதிவிடவும் முடியாது. பி.இ.ஜி. குழாயில் வெறுமனே ஒட்டியவை இன்னும் அதிகமாகவே இருக்கும்.

அடுத்தது சாயம். பி.கே.எச். வகை கொழுப்பில் கரைந்து சவ்வில் செருகிக்கொள்ளும் சாயம். சாயம் போட்ட பிறகு சீரம் ஊற்றி மிச்சத்தை உறிஞ்ச வைத்து மூன்று முறையாவது கழுவாவிட்டால், மிதக்கும் சாயம் அடுத்த செல்லில் போய் ஒட்டும். நன்றாகக் கழுவினாலும் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சவ்வுத் துணுக்குகளைக் கைமாற்றிக் கொள்வது உண்டு. நீங்கள் பார்த்த அந்தச் சிவப்புப் புள்ளிகள் அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பக்கத்துக்காவது சி.எஃப்.எஸ்.இ. மாதிரி செல்லுக்குள்ளே போய்ப் புரதத்தோடு நிரந்தரமாகப் பிணையும் சாயம் போடுங்கள். உண்மையாக இணைந்தால் அந்த நிறம் செல்லின் உள்ளே முழுதும் ஒரே சீராகப் பரவி நிற்கும். புள்ளி புள்ளியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பச்சை ஒளியின் வால் சிவப்புக் கண்ணிலும் கொஞ்சம் விழும். ஒற்றை நிறக் குழாய்கள் ஓட்டியதாகச் சொன்னீர்கள், அதை வைத்து அந்த வழிசலைக் கழித்து ஈடு கட்டியிருப்பீர்கள். ஆனால் அந்தக் குழாய்களின் பிரகாசம் உங்கள் மாதிரிக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருந்ததா என்று ஒருமுறை பாருங்கள்.

இனி கேட் போடும் விஷயம், அதாவது திரையில் எந்தப் புள்ளிகளை எடுப்பது, எதை விடுவது என்று எல்லை வரைவது. ஒட்டிய இரட்டையை ஒதுக்க எல்லோரும் முன்சிதறலின் (செல்லில் பட்டு முன்பக்கம் சிதறும் ஒளி) பரப்பையும் உயரத்தையும் எதிரெதிரே வைத்து, மூலைவிட்டத்தை விட்டு விலகிய புள்ளிகளை வெட்டுவோம். சாதாரண மாதிரிக்கு அது சரி. ஃப்யூஷனில் அதை இறுக்கிப் பிடித்தால் நீங்கள் தேடும் செல்லையே குப்பையில் போட்டுவிடுவீர்கள், ஏனென்றால் இணைந்த செல்லும் பெரியது. புதிதாக இணைந்தது எட்டு வடிவத்தில் இடுப்பு ஒடுங்கியே இருக்கும், கருவிக்கு அது ஒட்டிய இரட்டை மாதிரியேதான் தெரியும். சில மணி நேரம் விட்டால் உருண்டு திரளும். ஒரு மணி நேரத்தில் ஓட்டாமல் ஐந்தாறு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்கத் தட்டில் விட்டு, பிறகு டிரிப்சினும் ஈ.டி.டி.ஏ.யும் போட்டுத் தளர்த்தி, 40 மைக்ரான் சல்லடையில் வடித்து ஓட்டுங்கள். வெறுமனே ஒட்டியவை அதில் பெரும்பாலும் பிரிந்துவிடும், இணைந்தவை பிரியாது. இறந்த செல்லின் டி.என்.ஏ. பிசின் மாதிரி மற்றதையும் இழுத்துக் கட்டும். அதற்கு டி.என்.ஏ.வை வெட்டும் நொதியான டி.என்.ஏ.ஸ் கொஞ்சம் சேர்க்கலாம்.

சார்ட்டரில் 70 மைக்ரான் முனை வேண்டாம். 100 போடுங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள். இணைந்த செல்லின் சவ்வு அன்றைக்கு மிகவும் நொய்ந்து கிடக்கும்.

டர்பன்_தென்றல்

அண்ணா, சாயம் போட்டு ஒரே ஒரு முறைதான் கழுவினேன். செல் குறைந்துவிடும் என்று பயம். சார்ட்டர் முனை என்ன என்று கேட்கவே இல்லை.

சாட்ஸ்வர்த்_அக்கா

தங்கச்சி, மனம் விடாதே. நான் ஓய்வு பெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர். 80-களில் இங்கே டர்பனில் ஹைபிரிடோமா, அதாவது எதிர்ப்பொருள் சுரக்கும் கலப்புச் செல், செய்தோம். எங்களிடம் சார்ட்டரும் கிடையாது, இரண்டு நிறமும் கிடையாது. செல்லையே பதில் சொல்ல வைத்தோம்.

1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் செய்து காட்டிய வழிதான் அது. நம் ஜெர்மிஸ்டனில் பிறந்து விட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த உயிரியல் அறிஞர் சிட்னி பிரென்னர் அப்போது அதே ஆய்வகத்தில்தான் இருந்தார், பின்னால் அதன் இயக்குநராகவும் ஆனார். எலியின் மண்ணீரல் செல் எதிர்ப்பொருள் சுரக்கும், ஆனால் தட்டில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது. மையலோமா என்ற புற்றுச் செல் சாகாது, ஆனால் எங்களுக்கு வேண்டிய எதிர்ப்பொருள் அதனிடம் இல்லை. இரண்டையும் இணைத்தால் சாகாமல் சுரக்கும் செல் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், லட்சம் மண்ணீரல் செல்லுக்கு ஒன்று தேறினாலே பெரிது. அந்த ஒன்றைக் கண்ணால் பொறுக்கவே முடியாது.

அதற்குத்தான் ஹேட் மீடியம். ஹைப்போசாந்தின், அமினோப்டெரின், தைமிடின். செல் டி.என்.ஏ.வுக்கு வேண்டிய மூலப்பொருளை இரண்டு வழியில் சேர்த்துக்கொள்ளும். ஒன்று அடியிலிருந்து புதிதாகக் கட்டுவது, இன்னொன்று கிடைத்ததை எடுத்துத் திரும்பப் பயன்படுத்துவது. அமினோப்டெரின் முதல் வழியை அடைத்துவிடும். நாங்கள் வைத்திருந்த எஸ்.பி.2/0 மையலோமாவுக்கு எச்.ஜி.பி.ஆர்.டி. என்ற நொதி கிடையாது, அதனால் இரண்டாம் வழியும் அதற்கு இல்லை. சாகும். மண்ணீரல் செல்லிடம் நொதி உண்டு, ஆயுள் இல்லை. அதுவும் சாகும். இணைந்தது மட்டும் ஒருத்தியிடம் நொதியையும் இன்னொருத்தியிடம் ஆயுளையும் வாங்கிக்கொண்டு வளரும்.

அந்தத் தட்டைப் பார்க்க வேண்டும் நீ. நான்காம் நாள் 96 குழியிலும் சாவுதான். செல்லெல்லாம் சுருங்கிக் கறுத்து மணல் மாதிரி கிடக்கும். வேலை பாழ் என்றுதான் தோன்றும். ஏழாம் நாள், எட்டாம் நாள் அந்த மணலுக்கு நடுவே ஒரு குழியில் ஐந்தாறு செல் முத்து முத்தாகப் பளபளவென்று ஒன்றோடொன்று நெருங்கி உட்கார்ந்திருக்கும். எத்தனை வருடம் செய்தாலும் அதைப் பார்க்கும்போது என் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஆனால் இதிலும் உன் மாதிரியே நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு முறை ஏழாம் நாள் எல்லாக் குழியிலும் வளர்ச்சி. ஊரெல்லாம் சொல்லிவிட்டோம். பத்தாம் நாள் எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கும் எலைசா சோதனை போட்டால் ஒரு குழியில்கூட எதிர்ப்பொருள் இல்லை. என்ன நடந்தது என்றால், மையலோமாவில் சில செல் அந்த நொதியைத் திரும்பப் பெற்றுவிட்டன. அவற்றை அவ்வப்போது 8-அசாகுவானின் மீடியத்தில் ஓட்டிக் களைய வேண்டும், நொதி உள்ளது அதை எடுத்துக்கொண்டு செத்துப்போகும். அந்த வருடம் யாரும் அதைச் செய்யவில்லை. இணைக்காத மையலோமாவை மட்டும் ஹேட்டில் போட்ட ஒரு தட்டு பக்கத்தில் இருந்திருந்தால் நான்கே நாளில் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தத் தட்டு இல்லாமல் நான் பி.இ.ஜி. குப்பியைத் திறந்ததே இல்லை.

பி.இ.ஜி. எப்படி ஊற்றினாய்? 1 மி.லி.யை ஒரு நிமிடம் முழுக்கத் துளித் துளியாக விட்டு, 37 டிகிரியில், பிப்பெட் நுனியால் மெல்லக் கலக்கி, பிறகு மீடியத்தையும் அதே பொறுமையோடு ஊற்றினாயா? அவசரப்பட்டால் இணைவதை விடச் சாவதுதான் அதிகம்.

டர்பன்_தென்றல்

அக்கா, துளித் துளியாகத்தான் விட்டேன். ஆனால் அன்றைக்கு நடுவில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் வர இருபது நிமிடம் ஆனது, வாட்டர் பாத் ஆறிப்போனது. பி.இ.ஜி.யைக் கைக்குள் பொத்தி வைத்து முடித்தேன்.

உங்கள் வழி எனக்குப் பொருந்துமா? சி2சி12-க்கு அந்த நொதி இருக்கிறதே.

கேப்_கடல்

ஹேட்டுக்காகச் செல்லை மாற்ற வேண்டாம். எலி, மனிதன் ஜோடிக்கு ஊவாபெயின் இருக்கிறது. செல் சவ்வின் சோடியம் பம்பை அடைக்கும் மருந்து. மனிதச் செல் மிகச் சிறிய அளவிலேயே செத்துவிடும், எலிச் செல் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் தாங்கும். இணைந்த செல்லில் எலியின் பம்ப் இருப்பதால் தப்பிக்கும். எலிச் செல்லைக் கொல்ல, மனிதச் செல்லில் முன்னதாகவே பியூரோமைசின் எதிர்ப்பு மரபணு ஒன்றை ஏற்றி வையுங்கள். பிறகு இரண்டு மருந்தும் சேர்ந்த மீடியம். ஊவாபெயினில் மனிதச் செல் போகும், பியூரோமைசினில் எலிச் செல் போகும். இரண்டையும் தாங்குவது இணைந்தது மட்டுமே.

கிழக்கு ஆப்பிரிக்காவில் வேடர்கள் அம்பு முனையில் தடவிய விஷம்தான் இந்த ஊவாபெயின், அகோகாந்தெரா மரத்திலிருந்து எடுப்பது. அதே பேரினத்துச் செடி உங்கள் நேட்டால் கடற்கரை மணல்மேடுகளிலும் வளர்கிறது.

ஜகரண்டா_நகர்

நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் தென்றலுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். இணைந்த முதல் இரண்டு மூன்று நாளில் மனித உட்கருவுக்குள் தசை மரபணு விழிக்கிறதா என்று பார்க்கவா? அல்லது பெருகிக்கொண்டே போகும் கலப்பு வரிசை வேண்டுமா? முதலாவது என்றால் மருந்து வேலை செய்து முடிக்கும் நேரத்துக்குள் பார்க்க வேண்டியது போய்விடும்.

டர்பன்_தென்றல்

முதலாவதுதான் அண்ணா. உட்கரு இரண்டும் தனித்தனியாக இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

ஜகரண்டா_நகர்

அப்படியென்றால் உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு வரம் இருக்கிறது. டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் ஹெக்ஸ்ட் சாயம் போட்டு உட்கருவைப் பாருங்கள். எலியின் உட்கருவில் பிரகாசமான திட்டுகள் பொட்டு பொட்டாக நிற்கும். மனித உட்கரு ஒரே சீராக மங்கலாக இருக்கும். ஒரே செல்லுக்குள் பொட்டு வைத்தது ஒன்று, பொட்டில்லாதது ஒன்று. அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 1983-ல் ஹெலன் பிளாவும் உடன் பணியாற்றியவர்களும் எலித் தசைச் செல்லையும் மனிதச் செல்லையும் இணைத்து மனிதத் தசை மரபணு விழிப்பதைக் காட்டினார்கள். உங்கள் ஆய்வுக்குப் பாட்டன் அதுதான்.

டி.என்.ஏ. அளவை மட்டும் நம்பாதீர்கள். இரட்டிப்பு டி.என்.ஏ. இருந்தால் இணைந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். பிளவுக்குத் தயாராக நிற்கும் சாதாரணச் செல்லிடமும் அதே அளவு இருக்கும்.

சி2சி12 தனக்குள்ளேயே இணையும் பழக்கம் உள்ளது, இதையும் மறக்காதீர்கள். செல் நெருங்கி, சீரம் குறைந்தால் தானாகவே இணைந்து நீளக் குழலாகிவிடும். பச்சை பச்சையோடு சேர்ந்தது உங்கள் திரையில் வெறும் பச்சையாகத்தான் தெரியும். இரு வகையும் சம எண்ணிக்கையில் இருந்து, யாரோடு யார் என்பது தற்செயலாகவே நடந்தாலும், இரண்டிரண்டாய்ச் சேர்ந்தவற்றில் பாதி ஒரே நிறமாகத்தான் இருக்கும்.

மிட்லண்ட்ஸ்_பச்சை

செடிப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மாரிட்ஸ்பர்க்கில் புரோட்டோபிளாஸ்ட் (செல்சுவர் நீக்கிய செடிச் செல்) வேலை செய்கிறேன். எங்களுக்குச் சாயமே தேவைப்படாத நாட்கள் உண்டு. இலையிலிருந்து எடுத்த புரோட்டோபிளாஸ்ட் பச்சையம் நிறைந்து பச்சை மணி மாதிரி இருக்கும். கேலஸிலிருந்து (தட்டில் வளர்த்த உருவமில்லாச் செல் திரள்) எடுத்தது நிறமில்லாமல் கண்ணாடிக் குண்டு மாதிரி இருக்கும். இரண்டும் இணைந்தால் முதலில் பாதிப் பச்சை, பாதி வெள்ளை. கொஞ்ச நேரத்தில் பச்சைப் பந்துகள் எல்லைக்கோட்டைத் தாண்டி ஒவ்வொன்றாக மறுபக்கம் நகர ஆரம்பிக்கும். எல்லை கலைந்தால் இணைந்தது. எவ்வளவு நேரமானாலும் கோடு அப்படியே நின்றால் வெறுமனே ஒட்டியது. ஜகரண்டா அண்ணா சொன்ன 'சீராகப் பரவ வேண்டும்' என்பதை நாங்கள் கண்ணாலேயே பார்க்கிறோம்.

டி.என்.ஏ. அளவு பற்றி அவர் சொன்னது எங்களுக்கும் அப்படியே. ஆரஞ்சு வகைகளில் குரோமோசோம் 18. இரண்டு வகையை இணைத்தால் 36. ஆனால் கேலஸ் செல் தானாகவே இரட்டித்துக்கொண்டும் 36 காட்டும். இரு பெற்றோரின் மரபணு அடையாளமும் தெரியும்வரை நாங்கள் கலப்பு என்று பெயர் எழுதுவதில்லை.

கேப்_கடல்

அப்படிப் பார்த்தால் உயிர் பிழைத்ததும் சாட்சி ஆகாது, நிறமும் ஆகாது, டி.என்.ஏ. அளவும் ஆகாது. எதைத்தான் நம்புவது? ஒவ்வொரு செல்லுக்கும் நான்கு சோதனை வைத்தால் வேலை நடக்குமா?

சாட்ஸ்வர்த்_அக்கா

தம்பி, எல்லாச் செல்லுக்கும் வைக்க வேண்டாம். பிரித்தெடுக்க ஒரு வழி போதும். பிரித்தது சரிதானா என்று பார்க்க, அதோடு தொடர்பில்லாத வேறு ஒரு வழி வேண்டும். நாங்கள் ஹேட்டால் பிரித்தோம், எலைசாவால் சோதித்தோம். அவள் நிறத்தால் பிரிக்கட்டும், அதில் ஒரு கரண்டி எடுத்து உட்கருவைப் பார்க்கட்டும். நிறத்தால் பிரித்ததை மறுபடி நிறத்தாலேயே சோதித்தால் அதே தப்புதான் திரும்ப வரும்.

ஜகரண்டா_நகர்

அக்கா சொன்னதைப் பெரிதாக எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்ட வேண்டும். இதைக் கவனிக்காததால் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜைச் செல் தானாக வேறு வகைச் செல்லாக மாறுகிறது என்று ஒரு காலத்தில் பலர் எழுதினார்கள். 2002-ல் நேச்சர் இதழில் இரண்டு குழுக்கள் கருத் தண்டுச் செல்லோடு உடற்செல்லைச் சேர்த்து வளர்த்துப் பார்த்தன. அப்படி மாறியதாகத் தோன்றியவை உண்மையில் அந்தத் தண்டுச் செல்லோடு தாமாகவே இணைந்தவை. இணைந்ததை இணையவில்லை என்று நினைத்த கதை அது. தென்றலுடையது தலைகீழ். குழி ஒன்றுதான்.

டர்பன்_தென்றல்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். ஈஸ்டர் வந்துவிட்டது, புனித வெள்ளிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் அம்மாவோடு இருக்க வேண்டியிருந்தது. அதனால் திங்கட்கிழமை இணைத்து புதன்கிழமைக்குள் எல்லாம் முடிகிற மாதிரி திட்டம் போட்டேன்.

எலிச் செல்லுக்கு சி.எஃப்.எஸ்.இ., மனிதச் செல்லுக்கு அதே பி.கே.எச். 26, இந்த முறை சீரத்தோடு மூன்று முறை கழுவினேன். சி2சி12-ஐ நெருங்க விடாமல் பாதித் தட்டு நிறையும் முன்பே எடுத்தேன். பி.இ.ஜி. இல்லாத கலவைக் குழாய் பக்கத்திலேயே, எல்லாம் அதே நேரத்துக்கு, அதே கையால். இரவு முழுக்க விட்டு, காலையில் தளர்த்தி வடித்து ஓட்டினேன்.

பி.இ.ஜி. இல்லாத குழாய் 0.6 சதவீதம். பி.இ.ஜி. போட்டது 3.1.

14-ஐப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 3 சிறியதாகத்தான் இருந்தது. 100 மைக்ரான் முனையில் பிரித்து, கண்ணாடிச் சில்லில் ஒட்ட விட்டு, மதியம் ஹெக்ஸ்ட் போட்டேன். 200 செல் எண்ணினேன். 147-ல் பொட்டு வைத்த உட்கருவும் பொட்டில்லாத உட்கருவும் ஒரே செல்லுக்குள். சிலவற்றில் எலி இரண்டு, மனிதன் ஒன்று. ஒன்றில் மனித உட்கரு நடுவில், மூன்று எலி உட்கரு அதைச் சுற்றி. அதைப் படம் எடுத்து மேசை விளக்கில் ஒட்டியிருக்கிறேன்.

மிச்சம் 53-ல் பெரும்பாலும் எலி உட்கரு மட்டும், மேலே சிவப்புப் புள்ளிகள். முதல் நாள் நான் பார்த்த அதே செல்.

சாட்ஸ்வர்த்_அக்கா

147! என் கண்ணு, நன்றாகச் செய்திருக்கிறாய். கலவைக் குழாயிலிருந்து பிரித்த 0.6-ஐயும் எண்ணினாயா?

டர்பன்_தென்றல்

எண்ணினேன் அக்கா. அதில் மொத்தமே 40 செல்தான் ஒட்டியது. இரு வகை உட்கருவும் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை.

ஜகரண்டா_நகர்

இந்த 40-ல் பூஜ்யத்தை ஆய்வேட்டில் முதல் படமாகப் போடுங்கள். 3.1 அதற்குப் பிறகு வரட்டும். மிச்சம் 53-ஐக் குறைக்க, சிவப்புக்கும் செல்லுக்குள் பிணையும் சாயம் ஒன்று முயன்று பாருங்கள், சி.எம்.டி.எம்.ஆர். எங்களிடம் ஒரு குப்பி திறக்காமல் இருக்கிறது. உலர்பனியில் வைத்து டர்பனுக்கு அனுப்பட்டுமா?

டர்பன்_தென்றல்

அனுப்புங்கள் அண்ணா. வியாழன் வந்தால் நல்லது, வெள்ளிக்கிழமை காலை புதுச் செல் தயாராக இருக்கும்.